அடையில் பதினான்காம் நாள்

கூடையை எட்டிப் பார்த்தாலே என் அடைக்கோழி உர்ரென்று சிலிர்த்துக் கொத்த வருவாள். இன்று காலை கொத்தவில்லை.

கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து ஒரு மூச்சு. கூடவே கொர்... கொர்...

மூக்கோரத்தில் தவிடு ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒரு கண்ணில் நுரை.

கோத்தகிரியில் ஒரு வாரமாக வெயிலே இல்லை. குளிருமே என்று கோணிச்சாக்கால் கூடையை நாலு பக்கமும் மூடியது நான்தான். குளிரோடு காற்றையும் தடுத்துவிட்டேன். எச்சத்தின் நெடி எனக்கே கண்ணைக் கரித்தது.

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். "மருந்தத் தண்ணில கலந்து வெச்சா வேலைக்காகாதுங்க. அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒருக்கா எந்திரிச்சாலே பெருசு" என்றார். எடை கேட்டு அளவு சொன்னார்.

இங்க் ஃபில்லரில் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அத்தை தன் பங்குக்குத் துளசிச் சாறு கொண்டுவந்தார். சரி, அதுவும் இரண்டு சொட்டு.

அடைக்கோழி அசையாமல் உட்கார்ந்திருப்பதும் நோய்க்கோழி அசையாமல் உட்கார்ந்திருப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். எத்தனை நாளாகவோ. நான் பாட்டுக்கு, என்ன பொறுப்பு என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

குஞ்சு பொரிக்கும் 21 நாளுக்கு இன்னும் ஏழு பாக்கி. இது மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வந்த மூச்சு நோய் என்றால் முட்டை வழியாகவே குஞ்சுக்கும் போகலாம். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பதில் ஏழில் கரு அசைகிறது.

சாக்கை ஒரு பக்கம் சுருட்டி, வைக்கோலை மாற்றிவிட்டு முட்டைகளை வைத்தேன். கொர் கொர் என்றபடியே ஒவ்வொன்றாக அலகால் உருட்டி அடியில் தள்ளிக்கொண்டாள்.