சென்சார் போகவில்லை, போனது கேபிள்: என் எலக்ட்ரானிக் டிரம் கிட் அலைச்சல்

ஸ்நேர் பேடின் (ஸ்நேர் டிரம்முக்குப் பதிலாக நாம் அடிக்கும் தட்டு) அடியை உணரும் சென்சார் போய்விட்டது, பேடையே மாற்றியாக வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் அடித்துச் சொன்னார்கள். சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு ஒரு கேபிளில் இருந்தது, அதுவும் அவர்களே மாற்றிக் கொடுத்த கேபிளில். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் இதே சிக்கலில் வேறு யாராவது புது பேடுக்குப் பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வாங்கும் கதை சின்னதுதான். கடையில் மாட்யூலில் (பேடுகளின் சிக்னலைச் சத்தமாக்கும் பெட்டி) எத்தனை நூறு சத்தம் இருக்கிறது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள், அதை அப்படியே காதில் போட்டுக்கொண்டு பேடைப் பாருங்கள். சத்தம் பிடிக்கவில்லை என்றால் யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து வேறு டிரம் சத்தம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சின்ன ஸ்நேர் பேடையும் சுமாரான ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) பெடலையும் எந்த மென்பொருளும் சரி செய்யாது. பேடின் மேல்பரப்பு ரப்பரா மெஷ்ஷா (வலைத்துணியா) என்றால் என் ஓட்டு மெஷ்ஷுக்கு. ரோலண்ட் 1997-ல் டிடி-10 கிட்டோடு மெஷ் தலையைக் கொண்டுவந்தபோது அது பெரிய விலைக்காரர்களின் சமாச்சாரம், இன்று ஆரம்ப நிலை கிட்டுகளிலேயே வருகிறது. ஸ்டிக் திரும்பி எழும்பும் விதத்தை டிரம் சாவியால் நாமே கூட்டிக் குறைக்கலாம், வீட்டில் கேட்கும் தட்டல் சத்தமும் குறைவு.

கடையில் உட்கார்ந்ததும் வேகமாக வாசித்துக் காட்ட வேண்டாம். ஸ்நேரில் மிக மெதுவாக ஒரு ரோல் போடுங்கள், மெல்லிய அடிகளில் பாதி விழுங்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஹை-ஹாட்டைத் தட்டிக்கொண்டே பெடலை நிதானமாக இறக்குங்கள்: திறந்த சத்தத்திலிருந்து மூடிய சத்தத்துக்குப் படிப்படியாக வர வேண்டும், சட்டென்று தாவினால் அந்த பெடலோடு காலம் தள்ளுவது கஷ்டம். கிராஷ் சிம்பலை அடித்த கையோடு விளிம்பைப் பிடித்தால் சத்தம் நிற்க வேண்டும். இரட்டை பெடல் வாசிப்பவர்கள் கிக் பேடின் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் பேட்) அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பீட்டரும் (பெடலின் சுத்தியல்) அதில் சரியாகப் படுகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்ப்பது நல்லது. அப்புறம், அட்டையில் புளூடூத் என்று போட்டிருப்பதை நம்பி ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்காதீர்கள். பல மாட்யூல்களில் அது கைபேசியிலிருந்து பாட்டு உள்ளே வருவதற்கு மட்டும்தான். டிரம் சத்தம் அந்த வழியாக வெளியே போகும் கிட்டாக இருந்தாலும் அடித்த பிறகுதான் காதுக்கு வரும், அந்தத் தாமதத்தில் தாளம் நிற்காது.

கிட் வந்து, பூட்டி முடித்து, சில நாள் நன்றாகவே ஓடியது. பிறகுதான் கிக்கை அழுத்தி மிதித்தால் ஃப்ளோர் டாம் பேடும் கூடவே சத்தம் போட ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் கேட்டேன், மாட்யூலை மட்டும் கொண்டுவாருங்கள் என்றார்கள். கொண்டுபோனால், பேடும் கேபிளும் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று இன்னொருவர் திருப்பி அனுப்பினார். அந்த நாள் வீண். அடுத்த முறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனேன். மேசைமேல் பேடுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மேசையில் சரியாகத்தானே இருக்கும்! ஒரு பேடின் அதிர்வு, பேடுகளை மாட்டியிருக்கும் ரேக்கின் குழாய் வழியாக இன்னொரு பேடின் சென்சாருக்குப் போவதால் வருவதுதான் கிராஸ்டாக், ரேக்கே இல்லாத இடத்தில் அது எப்படி வரும்? இதை எடுத்துச் சொன்னபோது கேட்கக்கூட ஆளில்லை. ஸ்நேர் கேபிள் கொஞ்சம் லூசாக இருக்கிறது என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்து, மாட்யூலை ரீசெட் செய்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பூட்டினால் பழைய பிரச்சினை அப்படியே இருந்தது, புதிதாக ஸ்நேரின் ரிம் (விளிம்பு) சத்தமும் போயிருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் முதலில் சொன்ன அந்தத் தீர்ப்பு.

அந்த ராத்திரி யாரையும் நம்பாமல் நானே மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தேன். பேட், கேபிள், மாட்யூலின் துளை என்று மூன்றே மூன்று இடத்தில்தான் கோளாறு இருக்க முடியும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் குற்றவாளி தானாக மாட்டிக்கொள்ளும். ரிம் வேலை செய்கிற டாமின் கேபிளைக் கழற்றி ஸ்நேரில் சொருகினேன். ரிம் கணீரென்று பேசியது. ஸ்நேரின் கேபிளை அந்த டாமில் சொருகினேன், டாமின் ரிம் ஊமையாகிவிட்டது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

இரண்டு கேபிளின் முனையையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. நல்ல கேபிளின் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம், அவர்கள் கொடுத்ததில் ஒன்றுதான். ஒரு வளையம் என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ. என் கிட்டின் ஸ்நேரில் நடுத்தலையின் சிக்னல் பிளக்கின் நுனி வழியாகவும் ரிம்மின் சிக்னல் நடுவிலுள்ள பட்டை வழியாகவும் போகிறது. மோனோ பிளக்கில் அந்தப் பட்டையே கிடையாது, ரிம் சிக்னல் நேராக எர்த்தோடு சேர்ந்து செத்துப்போகிறது. கிதாருக்குப் போடும் சாதாரண கேபிளும் மோனோதான், அவசரத்துக்கு எடுத்துச் சொருகினால் இதே கதை. ஒவ்வொரு பேடுக்கும் தனிக் கேபிள் இல்லாமல் ஒரே தடித்த கொத்தாக வரும் கிட் என்றால், அந்தக் கொத்தின் 25 ஊசி கனெக்டரில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் இரண்டு பேடின் முனைகளை மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம்.

மறுபடி போய், எதுவும் பேசாமல், இரண்டு பிளக்கையும் அருகருகே மேசையில் வைத்தேன். அந்த ஊழியர் பார்த்தார், உள்ளே போனார், சரியான கேபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மன்னிப்பு வார்த்தை வரவில்லை. பேட் மாற்றும் பேச்சும் அதோடு போயிற்று. வெளியே வந்தபோது எனக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

கிராஸ்டாக்கை வீட்டிலேயே தீர்த்தேன். மெனுவுக்குள் போகும் முன் ரேக்கைப் பாருங்கள். கிக் ஸ்டாண்டின் கால் ரேக்கின் காலை உரசிக்கொண்டிருந்தது, நகர்த்தினேன், தளர்ந்திருந்த கிளாம்ப்களை இறுக்கினேன், முக்கால்வாசி அங்கேயே நின்றுவிட்டது. மீதிக்கு ஃப்ளோர் டாமின் திரெஷோல்டை (எவ்வளவு பலமான அடியிலிருந்து சத்தம் வர வேண்டும் என்ற அளவு) ஒவ்வொரு புள்ளியாக ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள், மெல்லிய அடிகளும் சேர்ந்து காணாமல் போகும். கிராஸ்டாக் கேன்சல் அளவும் அப்படித்தான், அதிகமானால் இரண்டு பேடைச் சேர்த்து அடிக்கும்போது மெதுவாக விழுந்தது கேட்காது.

ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் வந்தால் பலர் உடனே மாஸ்க் டைமை (ஒரு அடிக்குப் பின் அடுத்ததை மாட்யூல் கண்டுகொள்ளாத நேரம்) கூட்டுகிறார்கள். முதலில் மெஷ் தொய்ந்திருக்கிறதா பாருங்கள், எதிரெதிர் திருகுகளாகச் சம அளவில் முறுக்குங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். மாஸ்க் டைமை ரொம்பக் கூட்டினால் வேகமான ரோலில் அடிகள் விடுபடும். நடுவில் அடித்தால் மட்டும் சத்தம் எகிறுவது சென்சார் நடுவில் உள்ள பேடுகளின் இயல்பு, அதற்காக யாரும் பேடை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். ஹை-ஹாட் மூடியும் திறந்த சத்தமே வந்தால் கேலிப்ரேஷன் (பெடலின் நிலைகளை மாட்யூலுக்குத் திரும்பப் பழக்குவது) செய்தால் போதும்.

அந்த ரீசெட் விஷயம் ஒன்று பாக்கி. என்னிடம் கேட்காமலே செய்தார்கள், நான் பார்த்துப் பார்த்து அமைத்து வைத்திருந்த கிட்டுகள் எல்லாம் அழிந்தன. மாட்யூலை யார் கையில் கொடுப்பதாக இருந்தாலும், பேக்கப் வசதி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மெனுவின் டிரிகர் (பேடு அடியை உணரும் விதத்துக்கான அமைப்பு) பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.