கமரா எங்க நிக்குது?

"கமரா எங்க நிக்குது அண்ணன்?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"கமராவ நான் பாக்கிறன், நீ தலையப் பாரு புள்ள" என்றேன்.

கணினியில் முப்பரிமாணக் காட்சி செய்கிற அலுவலகம் எங்களது, அவள் என்னோடு வேலை செய்கிறவள். கமரா என்றது அந்தக் காட்சிக்குள் நாங்கள் வைக்கிற கமராவை. நடந்தது இவ்வளவுதான். நான் சத்தம் போடவில்லை, ஏசவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் புதிதாக ஒரு மனித உருவத்தைத் திரையில் திறக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

வாவிக்கரை நடைபாதை ஒன்றுக்கான முன்னோட்டப் படம் அது. வேலை கொழும்பிலிருந்து வந்தது. நடைபாதை, விளக்குக் கம்பம், மரம் எல்லாம் முடிந்த பிறகு, முன்பக்கத்தில் வீச்சுவலையோடு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். முன்பே செய்து வைத்த உருவங்கள் இருக்கிற எங்கள் லைப்ரரியில் கோட் போட்டவர் உண்டு, லப்டொப் தூக்கியவர் உண்டு, நாய் கூட்டிப் போகிறவரும் உண்டு. சாரத்தை மடித்துக் கட்டியவர் மட்டும் இல்லை. சரி, செய்வோம் என்று அவளிடம் கொடுத்தேன்.

அவளுக்கு மட்டக்களப்பில் பாலமீன்மடு. தகப்பன் தொழிலுக்குப் போகிறவர். உருவத்துக்கு அவரையே தையல் டேப்பால் அளந்துகொண்டு வந்தாள், அதுவும் எப்படி! சுவரோடு நிற்க வைத்து, தலைமயிர் அமுங்கும்படி அடிமட்டத்தை உச்சியில் அழுத்திப் பிடித்து ஒரு கோடு. நாடிக்குக் கீழே கொப்பியை மட்டமாக வைத்து இன்னொரு கோடு. நம்மில் பலர் மயிரையும் சேர்த்து அளந்துவிட்டு, தலை ஏன் பெருத்துப் போனது என்று தேடுவோம். அவள் அந்தப் பிழையை விடவில்லை. உயரம் 162 சென்டிமீட்டர், தலை 23. வகுத்தால் ஏழு தலைக்குக் கொஞ்சம் மேல். சாதாரண வளர்ந்த மனிதர் ஏழிலிருந்து ஏழரை வரை வருவார். எட்டு என்பது வரைபவர்கள் வடிவுக்காக வைத்துக்கொண்ட கணக்கு. இது எனக்குத் தெரியாததல்ல. அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

முதல் படத்தை அனுப்பினோம். 'முன்னால நிக்கிற ஆள் குள்ளமா, பொம்மை மாதிரித் தெரியுது' என்று பதில் வந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. திரையில் அடிமட்டத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன், ஆறு தலைகூட வரவில்லை. உருவத்தைத் தனியாகத் திறந்து அளந்தால் ஏழு என்கிறது, படத்தில் எண்ணினால் ஆறு இல்லை. அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டியவன் நான். படம் பின்னேரத்துக்குள் போக வேண்டும். தலையை 0.88 மடங்காகச் சுருக்கு என்றேன். அப்போதுதான் அவள் கமராவைக் கேட்டாள்.

கமராவை வைத்தது நான். நடைபாதையின் வளைவு முழுதும் வாவியோடு சேர்ந்து தெரிய வேண்டும் என்று அகலமாகக் காட்டுகிற 24 எம்.எம். லென்ஸ் போட்டு, தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேலே தூக்கி, கீழ்நோக்கிச் சாய்த்திருந்தேன். வலைக்காரர் அதற்கு இரண்டரை மீட்டர் தூரத்தில் நின்றார். தலை கமராவுக்குக் கிட்ட, கால் எட்ட. கிட்ட இருப்பது பெருக்கும், எட்ட இருப்பது சிறுக்கும். மேலேயிருந்து பார்ப்பதால் உடம்பின் நீளமும் குறுகிவிடும். லென்ஸை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அகன்ற லென்ஸ் கமராவைக் கிட்டக் கொண்டுபோக விடுகிறது, அவ்வளவுதான். பிழை தூரத்திலும் சாய்விலும் இருந்தது. தலையில் பிழையே இல்லை.

தலையைச் சுருக்குவது ஒரு எண்ணை மாற்றுகிற வேலை போலத்தான் கேட்கும். உண்மையில் கண்மணிகள் தனி, பற்கள் தனி, தலையில் கட்டிய துவாய் தனி. முதல் தடவை தலை சுருங்கியது, கண் சுருங்கவில்லை. இரண்டு கண்ணும் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தன. அடுத்த கதிரைக்காரன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தி, கழுத்தில் வந்த மடிப்பையும் சரிசெய்து, ஆறு மணிக்குத் தந்தாள். 20 சென்டிமீட்டர் தலையோடு ஒரு வளர்ந்த மனிதர். அங்கிருந்து 'ஓகே' வந்துவிட்டது.

இதில் எனக்கு வெட்கமான ஒரு பகுதி இருக்கிறது. அன்று பின்னேரம் அவளைக் கூட்டிப்போக தகப்பன் வந்தார். எங்கள் அலுவலகம் மேல்மாடி. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன், சைக்கிளைப் பிடித்தபடி நேர் கீழே நின்றார். 'பாத்தியா, ஆளுக்குத் தலை பெரிசுதான்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மேலேயிருந்து, கிட்ட நின்று, கீழே சாய்ந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்! என் கமராவுக்கும் என் கண்ணுக்கும் ஒரே வருத்தம்.

மூன்று கிழமை கழித்து அதே காட்சியைத் தூரத்திலிருந்து, 85 எம்.எம். லென்ஸில் கேட்டார்கள். ரென்டர், அதாவது கணினி வரைந்து முடித்த படம், வந்தது. கமுகமரத்தில் எலுமிச்சங்காயைக் குத்தி வைத்த மாதிரி ஒரு ஆள் வலையோடு நிற்கிறார். அப்போதுதான் விளங்கியது. அவள் பழைய தலையை அழிக்கவில்லை. கோப்புக்குள் 'அப்பா' என்ற பெயரில் ஒளித்து வைத்திருந்தாள். அதை எடுத்துப் போட்டேன், கச்சிதமாக இருந்தது. அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் பல நியாயங்கள் இருக்கின்றன. படத்தில் இருந்த மற்ற ஆட்கள் எல்லாம் எட்டுத் தலைக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் ஏழு தலை மனிதர் எந்தக் கமராவிலும் குள்ளமாகத்தான் தெரிந்திருப்பார். இதுவும் பொய்யில்லை. விட்ருவியஸ் என்ற ரோமக் கட்டடக் கலைஞர் அந்தக் காலத்திலேயே தலை உயரத்தில் எட்டில் ஒன்று என்று எழுதி வைத்தார். நம் சிற்பிகள் தெய்வத்துக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த அங்குலம் அடிமட்டத்து இஞ்ச் அல்ல, சிலையின் உயரத்தை 124 ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு. அவர்களின் தாளம் முகத்தின் நீளம், முழுத்தலை அல்ல, எனவே இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி வைக்காமல் நீட்டிச் செய்கிற வழக்கம் என்னோடு தொடங்கியதல்ல.

அப்புறம் யோசித்தால், அது தெய்வம். இவர் பாலமீன்மடுவில் வலை வீசுகிறவர். லைப்ரரிக்காரர்களைக் குறுக்குவோமா என்று ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை. அளந்து செய்த ஒரே உருவத்தைத்தான் மாற்றச் சொன்னேன்.

ஒருநாள் பழைய கல்லடிப் பாலத்தில் நின்று வருகிற போகிறவர்களை எண்ணினேன். ஏழு, ஏழேகால், ஏழு, தொப்பிக்காரர் கணக்கில் இல்லை, ஆறே முக்கால். ஒரு எட்டுக்கூட வரவில்லை. தூரத்தில் நின்று, நேர்மட்டத்தில் பார்த்துத்தான் எண்ணினேன்.

அவள் இன்னும் எங்களோடுதான் வேலை செய்கிறாள், என்னிலிருந்து இரண்டு கதிரை தள்ளி. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முந்தியைவிட வேகம். தையல் டேப்பை இப்போது கொண்டு வருவதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு பாடசாலைப் பிள்ளையின் உருவம் கொடுத்தேன், பத்து வயது. வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எத்தனை தலை வைக்கட்டும் அண்ணன்?"

கமராவைப் பற்றிக் கேட்பாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் "ஆறரை" என்றேன். அவள் 6.5 என்று அடித்தாள்.