‘முட்டை இல்லை’ என்று எழுதும் முன்

நாய், பூனையின் மலத்தைச் சோதித்து ‘புழு முட்டை இல்லை’ என்று எழுத ஐந்து நிமிடம் போதும். அதை நம்பலாமா என்பது, ஸ்லைடு மைக்ராஸ்கோப்புக்கு வரும் முன்பே முடிவாகிவிடும்.

ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் முனையில் ஒட்டிய துளி சாம்பிள் ஆகாது. 2 முதல் 5 கிராம் வேண்டும், அதுவும் புதிதாக. நம் ஊர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். தரையில் கிடந்த மலத்தில் மண்ணில் வாழும் நுண்புழுக்களும் ஏறிக்கொண்டு குழப்பும். உடனே பார்க்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது.

மலத்தை அடர்த்தியான உப்புக் கரைசலில் கலந்தால் முட்டை மேலே மிதந்து வரும். அந்தக் கரைசலுக்கு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பு. ஆறிய பிறகு அடியில் கொஞ்சம் உப்பு தங்கினால்தான் கரைசல் சரியான அடர்த்தி. நீர்த்துப்போனால் முட்டை மிதக்காது, ரிப்போர்ட் மட்டும் சுத்தமாக வரும். மலம் கலந்த கரைசலால் குழாயை விளிம்புக்கு மேல் லேசாக மேடு கட்டும்வரை நிரப்பி, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டை மேலே வைத்து 10 முதல் 15 நிமிடம் விட வேண்டும். அவசரத்தில் மூன்றாம் நிமிடமே எடுப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. குழாயை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் இன்னும் நல்லது. ஜியார்டியா என்ற ஒரு செல் குடல் ஒட்டுண்ணிக்கு இந்த உப்பு ஒத்துவராது, அதன் சிஸ்ட் (மலத்தில் வெளிவரும் கூடு) சுருங்கிவிடும். ஜிங்க் சல்ஃபேட் கரைசல் வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் முட்டை தெரியாத இடம் ஒன்று உண்டு. பால்குடி நாய்க்குட்டி. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே வருகிறது. முட்டையிட இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் இரத்தத்தை உறிஞ்சிவிடும். ஈறு வெளுத்து, தார்போலக் கறுப்பாக மலம் போகும் குட்டிக்கு ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டைக் காட்டி மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது. இரத்தம் ஏற்ற வேண்டுமா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். நாய்க்குட்டிக்கு 2, 4, 6, 8 வாரங்களில் புழு மருந்து, எடை போட்டுத்தான். கண்ணளவில் கொடுத்தால் டோஸ் குறையும். தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும்.

நாடாப்புழு வேறு கதை. ஆசனவாயைச் சுற்றி அரிசிபோல நெளியும் துண்டுகளை வீட்டார் பார்த்திருப்பார்கள், ஸ்லைடில் ஒன்றும் இராது. அவர்கள் சொல்வதே போதுமான ஆதாரம். பிராசிகுவான்டெல் என்ற மருந்து புழுவைக் கொல்லும். ஆனால் அதன் இளம்பருவத்தைச் சுமப்பது தெள்ளுப்பூச்சி. உண்ணி மருந்து என்று எதையாவது வாங்கிப் போடாமல், தெள்ளுக்கும் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்க வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் ஒரே நேரத்தில் தெள்ளு மருந்து போடாவிட்டால், சில வாரங்களில் அதே அரிசி திரும்ப வரும்.