ஜாடிக்குள் வந்த விரியன்: பாம்பைக் கையாளக் கற்ற அனுபவம்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும் நான் பாம்பைக் கையாளக் கற்றுக்கொள்ள நேர்ந்ததற்கு ஒரு பிளாஸ்டிக் ஜாடிதான் காரணம். கணுக்காலில் கடிபட்டு வந்த ஒருவரின் உறவினர்கள், எந்தப் பாம்பு என்று மருத்துவர் கேட்பாரே என்ற எண்ணத்தில், கடித்த கண்ணாடி விரியனை உயிருடன் ஜாடியில் அடைத்துக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார்கள். மூடி முழுதாகத் திருகப்படவில்லை. உள்ளிருந்து வந்த சீறல், குக்கரிலிருந்து ஆவி பீறிடுவதைப் போல நீண்டு ஒலித்தபோது, நோயாளியைக் கவனிக்க வேண்டிய நாங்கள் நால்வரும் மேசையைப் பார்த்தபடியே சுவரோடு ஒட்டி நின்றோம். பல ஆண்டுகளாகப் பாம்புக்கடிக்கு மருந்து ஏற்றியவள் நான். ஆனால் பாம்பு என்ன செய்யும், எவ்வளவு தூரம் பாயும் என்பது எனக்குத் தெரியாது என்பதை அந்தச் சில நிமிடங்கள் உணர்த்தின.

அடுத்த சில மாதங்களில் விடுமுறை நாட்களையெல்லாம் ஒரு பயிற்சிக்காக ஒதுக்கினேன். கையாளுதல் என்ற சொல்லிலேயே கை இருக்கிறது. பயிற்றுநர் சொல்லித்தந்த முதல் பாடமோ கையைப் பாம்பிடமிருந்து விலக்கி வைப்பது. முதல் இரண்டு நாட்கள் உயிருள்ள பாம்பையே காட்டாமல், ஈரத் துணியை முறுக்கித் தரையில் போட்டு, நீண்ட கொக்கியால் அதன் நடு உடலுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பைக்குள் இறக்கச் சொன்னார். எனக்கு இது விளையாட்டாகத் தோன்றியது. மூன்றாம் நாள் விஷமற்ற சாரைப்பாம்பை எதிரில் விட்டபோதுதான், கொக்கியில் சமநிலை தவறினால் பாம்பு எப்படி வழுக்கி என் கால் பக்கமே வரும் என்பது புரிந்தது.

இடுக்கியைப் பற்றி நான் கொண்டிருந்த மதிப்பும் அங்கேதான் குறைந்தது. காணொளிகளில் இடுக்கியால் கழுத்தைக் கவ்வுவது பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் அந்த அழுத்தம் பாம்பின் விலா எலும்புகளை நொறுக்கக்கூடும், வலி தாங்காத பாம்பு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். தப்பிக்க நினைக்கும் பாம்புக்கு இருட்டான துளை ஒன்றைக் காட்டினால் போதும் என்பதே பயிற்றுநரின் வழி. பையின் வாயில் ஒரு குழாயைப் பொருத்திச் சுவரோரமாக வைத்து, பாம்பின் பின்னாலிருந்து கொக்கியால் மெல்ல ஒதுக்கினால், பெரும்பாலும் அது தானாகவே உள்ளே நுழைந்துவிடுகிறது. நல்ல பாம்பு படம் எடுத்து நிற்பது நமக்கு அச்சமூட்டினாலும், அது தான் இருக்கும் இடத்தை அறிவித்துவிட்டு நிற்கிறது. சுருண்டு கிடக்கும் விரியன் அசையாமல் இருந்தே கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்கிறது. அதனால் பாம்பின் முழு நீளத்துக்குக் குறையாத இடைவெளி என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது என்பதும், விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை எது என்பதை முன்பே தெரிந்துகொள்ளாமல் கொக்கியைத் தொடக் கூடாது என்பதும் மற்ற விதிகள்.

என் தவறு பாம்பைப் பையில் இட்ட பிறகு நேர்ந்தது. உள்ளே போய்விட்டதே என்ற நிம்மதியில் பையின் கழுத்தை முறுக்கி முடிச்சுப் போட இடது கையை நீட்டினேன். பயிற்றுநர் என் மணிக்கட்டைத் தடியால் தட்டிவிட்டார். துணிக்கு வெளியே கை இருந்தாலும் துணியின் வழியாகவே நச்சுப்பல் இறங்கும் என்பதை அதற்கு முந்தைய நாள்தான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். முதலில் பையின் குறுக்கே ஒரு கோலை வைத்து அழுத்திப் பாம்பை அடிப்பக்கத்திலேயே நிறுத்தி, கோலுக்கு மேற்புறம் முறுக்கிக் கட்டி, முடிச்சுக்கு மேலுள்ள துணியை மட்டும் பிடித்துத் தூக்கி, உடம்பில் உரசாமல் மூடியுள்ள வாளிக்குள் வைக்க வேண்டும். அன்று மாலை அவர் ஜோ ஸ்லோவின்ஸ்கியைப் பற்றிச் சொன்னார். பாம்புகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்த அந்த அமெரிக்க அறிஞர், 2001-ஆம் ஆண்டு மியான்மரின் வடபகுதியில் களப்பணியில் இருந்தபோது, விஷமற்ற பாம்பு என்று கருதப்பட்ட ஒன்று இருந்த பைக்குள் கையை விட்டார். அது கட்டுவிரியன் இனம். உடன் இருந்தவர்கள் பல மணி நேரம் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தும் மறுநாள் அவர் இறந்துவிட்டார். அவரைவிடப் பாம்பை அறிந்தவர்கள் அந்தப் பயிற்சிக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

சிகிச்சை குறித்த பாடங்களில் புதிதாக என்ன இருக்கப் போகிறது என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது உண்மை. கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும், எலும்பு முறிந்ததைப் போலக் கடிபட்ட கை காலுக்குச் சிம்பு வைத்து அசையாமல் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் நான் அறிந்தவைதான். ஆனால் இறுக்கிக் கட்டியபடி வந்தவரின் கட்டை வாசலிலேயே வெட்டி எறிவதை நற்செயலாக நினைத்திருந்தேன். தேங்கியிருந்த விஷம் ஒரே நேரத்தில் உடலுக்குள் பாய்ந்து மூச்சையோ இரத்த அழுத்தத்தையோ சட்டென வீழ்த்தக்கூடும் என்பதால், சிரை வழி ஊசி பொருத்தி, சுவாசத்துக்கு வேண்டியவற்றையும் மருந்தையும் ஆயத்தமாக வைத்துக்கொண்ட பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதை அங்குதான் முறையாகக் கற்றேன்.

கண்ணாடி விரியன் கடியில் இரத்தம் உறையும் திறனை அறியச் செய்யும் சோதனை மிக எளிது: 2 மில்லி புதிய இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயும் சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் பொய் சொல்லும், ஏனெனில் உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான். பயிற்சி முடிந்து பணிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் நானே பன்னிரண்டாம் நிமிடத்தில் பொறுமை இழந்து குழாயைச் சாய்த்துவிட்டேன். இரத்தம் தண்ணீராக ஓடியது. அது விஷத்தாலா, என் அவசரத்தாலா என்று சொல்ல வழியில்லாமல், புதிய குழாயில் மறுபடியும் எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த 20 நிமிடங்கள் மிக நீளமானவை. இரண்டாவது குழாயிலும் உறையவில்லை, மருந்து தொடங்கப்பட்டது.

குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்கும் முறை, பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1890-களில் தொடங்கிவைத்தது; அடிப்படையில் அது இன்றும் பெரிதாக மாறவில்லை. எந்தப் பாம்பின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்பட்டதோ அதற்கும் அதன் நெருங்கிய இனங்களுக்கும் மட்டுமே அது முறிவாகும். குப்பியிலுள்ள உலர்தூளில் 10 மில்லி ஊசிநீரை விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். குழந்தையின் உடலில் இறங்கிய விஷமும் பெரியவருக்கு இறங்கிய அதே அளவுதான் என்பதால், குழந்தைக்கு மருந்தின் அளவைக் குறைப்பதில்லை. குதிரைப் புரதம் ஒவ்வாமல் போகலாம் என்பதால் அட்ரினலின் ஊசியில் நிரப்பப்பட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தோலில் குத்திப் பார்க்கும் முன்சோதனை இந்த எதிர்வினையை நம்பகமாகக் கணித்துச் சொல்வதில்லை.

என்னை அதிகம் கலங்கவைத்தது கட்டுவிரியன் பற்றிய பாடம். தூக்கத்தில் கடிக்கிறது, வலியோ வீக்கமோ இல்லை. விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறவரின் இமைகள் மெல்லச் சரிவதைக் கவனிக்கத் தவறினால், அடுத்து மூச்சு நிற்கிறது. நல்ல பாம்பின் விஷம் தடுத்து வைத்த நரம்புச் செய்தியை நியோஸ்டிக்மின், அட்ரோப்பின் ஊசிகளால் பெரும்பாலும் மீட்க முடிகிறது. கட்டுவிரியனின் விஷமோ நரம்பு முனையையே சிதைப்பதால், அது புதிதாக வளரும்வரை செயற்கை சுவாசக் கருவியில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நிலையில் கண்மணி விரிந்து, ஒளிக்கு அசையாமல், உடலில் ஒரு துடிப்பும் இன்றிக் கிடப்பவர் மூளைச்சாவு அடைந்தவரைப் போலவே தெரிவார். ஆனால் நாம் பேசுவதை எல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். இதைக் கேட்ட நாளிலிருந்து அப்படிப்பட்டவரின் கட்டிலருகே நின்று பேசும் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பேசுகிறேன்.

பாம்பைக் கொண்டுவர வேண்டாம், முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம் போதும் என்று இப்போது வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறோம். அடித்துக் கொன்ற பாம்பின் துண்டான தலைகூடச் சிறிது நேரம் கடிக்கக்கூடியது. இருந்தும் அண்மையில் ஒரு சாக்கில் கட்டப்பட்டு இன்னொன்று வந்தது. வாளியையும் கொக்கியையும் எடுத்து வந்து, கடிபட்டவரின் உறவினர்களை வெளியே நிறுத்தி, சாக்கோடு வாளிக்குள் இறக்கி முடிச்சைக் கொக்கியால் நெகிழ்த்திப் பார்த்தேன். கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள். கட்டுவிரியன் என்று உடன் இருந்த இளம் செவிலியர் பின்வாங்கினார். பட்டைகள் கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கின. கட்டுவிரியனுக்குத் தலையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் வெறுமையாகவும் பின்பகுதி தெளிவான கோடுகளாகவும் இருக்கும். விஷமற்ற ஓநாய்ப்பாம்பு என்பதில் எனக்கு ஏறத்தாழ ஐயமில்லை. மூடியை அழுத்திப் பூட்டிவிட்டு, நோயாளியின் அட்டையில் கடிபட்ட நேரத்தையும் 24 மணி நேரக் கண்காணிப்பு என்பதையும் எழுதி, இமைகளைப் பார்ப்பதற்கு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன்.