பால்வெட்டு முடிந்தால் ஓ.பி.யும் முடிந்துவிடும்

அம்மாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் எங்கள் வீடு. விடிகாலை 4 மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். வெயில் ஏறினால் மரத்தில் பால் வரத்து குறையும், அதனால் தாமதமாகத் தொடங்க முடியாது. 300 மூட்டில் (மரத்தில்) பட்டையைக் கீறி வெட்டி, சிரட்டையில் பால் ஊறும்வரை காத்திருந்து, வாளியில் எடுத்து, அளந்து கொடுத்து நிமிரும்போது மணி 12. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு கொடுப்பதும் ஏறக்குறைய அப்போதுதான் நிற்கும்.

தலை சுற்றுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்துவிட்டாள். கிராம சுகாதார செவிலியர் பிரஷர் பார்த்தார். 180-க்கு 110. சுகரும் கூடுதல். "ஒரு தடவை டாக்டர் பார்த்துப் பதிவு பண்ணிட்டா போதும், மாத்திரை வீட்டுக்கே வரும்" என்றார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத்தான் சொன்னார். அந்த ஒரு தடவைக்கு எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் முறை வாளியைக் கழுவி வைத்துவிட்டு ஓடினோம். 12:10. கவுன்டரில் ஆள் எழுந்துவிட்டார். இரண்டாம் முறை டாக்டரைப் பார்த்துவிட்டோம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், நாளைக் காலை வாருங்கள் என்றார்கள். 4 மணிக்கு ஒரு கட்டன்சாயா குடிக்காமல் அம்மா கத்தியைத் தொடமாட்டாள். "வெட்டு முடங்கினா கூலி யாரு தருவா மக்களே?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் பெரியம்மா மகளை அன்றைக்கு வெட்ட அனுப்பி, அவளுக்குக் கூலி கொடுத்து, அம்மாவைக் கூட்டிப் போனேன். இலவச மருத்துவத்துக்கு எங்கள் செலவு ஒருநாள் கூலியும் பஸ் காசும்.

இதில் டாக்டரையோ நர்ஸையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. தலையை எண்ணினால் சரிதான். அந்த 3,000 தலையும் எத்தனை மேட்டிலும் சரிவிலும் கிடக்கிறது என்பதை அந்த நர்ஸம்மாவின் செருப்பைப் பார்த்தால் தெரியும்.

சரி, பதிவு ஆனது. அப்புறமும் மாத்திரை வரவில்லை. விசாரித்தால், வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா இரண்டு தடவை வந்திருக்கிறார். காலை 10 மணிக்கு. வீடு பூட்டியிருந்தது. எங்கள் வரிசையில் அந்நேரம் எந்த வீடுதான் திறந்திருக்கும்? நான் போனில் பேசி, "அக்கா, பால் அளக்கிற இடத்துக்கு 12 மணிக்கு வர முடியுமா?" என்று கேட்டேன். வந்தார். அம்மாவுக்கு மட்டுமல்ல, வரிசையில் நின்ற எல்லாருக்கும் பிரஷரும் சுகரும் பார்த்தார். பால் கறை காய்ந்த விரலில் ஊசி குத்துமுன் துடைத்துத் துடைத்துப் பஞ்சு தீர்ந்துபோனது. புதிதாக இரண்டு பேருக்கு பிரஷர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எடுத்த அளவை ஆப்பில் ஏற்ற டவர் இல்லை. வளைவு ரோடுவரை நடந்துபோய் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பாட்டுக்குப் பிறகு என்று அட்டையில் எழுதியிருக்கிறது. அம்மாவின் காலைச் சாப்பாடு 9 மணிக்குத் தோட்டத்தில், தூக்குப்பாத்திரக் கஞ்சி. மாத்திரையைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிப் போவாள். ஒருநாள் அது பால் வாளிக்குள் விழுந்தது. "ரப்பருக்கும் சுகர் குறையட்டு" என்றாள். இப்போது ஜிப் வைத்த சின்னப் பர்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பால்வெட்டோ வேறு விடிகாலை வேலையோ இருந்தால், பதியும்போதே ஆள் எத்தனை மணிக்கு எங்கே இருப்பார் என்பதைத் தன்னார்வலரிடம் சொல்லிவிடுங்கள். போன் நம்பரும் கையில் இருக்கிறதாகக் கொடுங்கள். அம்மா கொடுத்திருந்தது எப்போதோ தொலைந்த சிம்மின் நம்பர்.

பிரஷர் இப்போது 140-ஐ ஒட்டி நிற்கிறது. ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள், அது மட்டும் பாக்கி. மழை நாளில் வெட்டு இருக்காது, அன்றைக்குப் போகலாம் என்று வைத்திருந்தோம். மழை வந்தது, பஸ் வரவில்லை.