காற்றுத்தடுப்பு ஜாக்கெட்: இரண்டாவது முயற்சி

முதலில் தைத்ததில் காற்று துளிகூட நுழையவில்லை. ஆனால் அரை மணி நேரம் மேடேறியதும் முதுகெல்லாம் ஈரம். பூச்சு போட்ட துணி அது. காற்றை விடாதது போலவே வியர்வை ஆவியையும் விடவில்லை. உச்சியில் நின்றதும் நனைந்த பனியன் குளிர்ந்துபோய் உடம்பு வெடவெடத்தது.

அதனால் இந்த முறை பூச்சில்லாத 20 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்த துணி. 20 டெனியர் என்றால் 9,000 மீட்டர் இழை 20 கிராம்தான் இருக்கும், அவ்வளவு மெல்லிசு. ஒரு பக்கம் லேசாகப் பளபளக்கிறது. சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தியிருப்பதால் இழைகள் தட்டையாகி இடைவெளி குறைகிறது. பூச்சு இல்லாமலே காற்று மட்டுப்படுகிறது. துணியை வாயோடு ஒட்டி ஊதிப் பார்த்தேன். முக்கி ஊதினால்தான் மறுபக்கம் உள்ளங்கையில் கொஞ்சம் காற்று பட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

வெட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்படி வழுக்குகிறது. குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கும் என்பதால் புத்தகங்களைப் பாரமாக வைத்து வெட்டி, கிளிப் மாட்டித் தைத்தேன்.

தோள் தையல் கோணிக்கொண்டது. இந்தத் துணிக்குத் தடிமனான 90 நம்பர் ஊசிதான் காரணம்: குத்திய இடமெல்லாம் புள்ளி, நூல் ஓடிய வழியெல்லாம் சுருக்கம். பிரித்துவிட்டு, கூர்முனை உள்ள 70 நம்பர் ஊசியும் பாலியஸ்டர் நூலும் மாட்டி, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக்கினேன். முன்னும் பின்னும் துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி ஓட்டினால் சுருங்கவே இல்லை. பழைய ஊசித் துளைகளை நகத்தால் நீவிவிட்டால் இழைகள் நகர்ந்து முக்கால்வாசி மூடிக்கொள்கின்றன. இதைக் கண்டபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது! விளிம்பு சட்டென்று பிசிறும், அதனால் எல்லா ஓரத்தையும் உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டேன். கை முனையில் மெல்லிய எலாஸ்டிக், அவ்வளவுதான்.

எடை 104 கிராம். சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்குகிறது.

நேற்று நல்ல காற்றில் போட்டுக்கொண்டு நடந்தேன். முதுகு காய்ந்தே இருந்தது. அக்குளில் மட்டும் கொஞ்சம் ஈரம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஜிப் பற்களின் இடுக்கு வழியாக நெஞ்சுக்கு நேரே கோடு போட்டது போலக் குளிர் இறங்கியது. மிச்சத் துணியில் 4 சென்டிமீட்டர் அகலப் பட்டி ஒன்று வெட்டியிருக்கிறேன். ஜிப்பைப் பிரித்து அதன் உள்பக்கமாக வைத்துத் தைக்க வேண்டும்.