பேஸ்மென்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

அக்கா அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் டாக்டர். மினியாபோலிஸ் விமான நிலையத்திலிருந்து காரில் 3 மணி நேரம். அக்டோபர் நடுவில் போனேன். முதல் ஒரு மணி நேரம் ஊர்களாக வந்தன, அப்புறம் மக்காச்சோளமும் சோயாவும்தான். பாதி வயல்களில் அறுப்பு முடிந்து தட்டை நின்றது. ஊர் வருவதற்கு நாலைந்து மைல் முன்பே தானியக் கிடங்கின் கோபுரங்கள் தெரிந்துவிடுகின்றன. அதற்கு அடுத்த உயரம் லுத்தரன் கோயிலுக்கு, அதாவது மார்ட்டின் லூதர் வழிவந்த கிறிஸ்தவர்களின் கோயிலுக்கு.

கோயில் என்றுதான் எழுத வருகிறது. எங்கள் பாட்டி பொறையாறு பக்கம், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. அவர் வாயில் சர்ச் என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பாஸ்டர் என்றும் சொல்ல மாட்டார், ஐயர்தான். 1706 ஜூலை 9-ம் தேதி ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரை இறங்கியதை, ஏதோ தானே போய் அழைத்துவந்த மாதிரி சொல்வார். அதனால் லுத்தரன் என்றாலே எனக்குக் கடல் தாண்டி நம்மிடம் வந்தவர்கள். அவர்கள் ஊரில் உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று யோசித்ததே கிடையாது.

"செவ்வாய்க்கிழமை காலையில சும்மாதானே இருக்கப்போற, கோயில் பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பாரு" என்றாள் அக்கா.

போனேன். படி இறங்கும்போதே காபி வாசனை. நீள மேசைகளைச் சுற்றி ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். என்னைத் தவிர எல்லாரும் 65 தாண்டியவர்கள். ஐயர் இல்லை. அவர் ஒருவருக்கு மூன்று கோயில். செவ்வாய்க்கிழமை வேறொரு ஊரில் இருப்பாராம்.

அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது ஒட்டுப்போர்வை, குயில்ட் என்கிறார்கள். மேலே பழைய சட்டை, திரைச்சீலை, மேசைவிரிப்பு எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்த துணி. அடியில் யாரோ கொடுத்த படுக்கைவிரிப்பு. நடுவில் கிழிந்த கம்பளி. அகலம் 60 அங்குலம், நீளம் 80 அங்குலம். அளவில் மட்டும் கண்டிப்பு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க, கையகலத்துக்கு ஒன்றாகக் கம்பளி நூலில் முடிச்சுப் போட வேண்டும்.

82 வயதுப் பாட்டி ஒருவர் என்னிடம் ஊசியைக் கொடுத்தார். ஊசியை மேலிருந்து இறக்கி, பக்கத்திலேயே திரும்ப மேலே எடுத்து, வலது மேல் இடது, இடது மேல் வலது. நான் போட்டதை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. "துவைக்கும்போது அவிழ்ந்தால் உள்ளே இருக்கும் கம்பளி எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்" என்று சொல்லி, திட்டாமல், அடுத்த சதுரத்தைக் காட்டினார். ஆறாவதோ ஏழாவதோதான் நின்றது.

போர்வைகள் போவது லுத்தரன் உலக நிவாரணம் என்ற அமைப்புக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல், வீடிழந்த ஐரோப்பியர்களுக்கு உதவ அமெரிக்க லுத்தரன்கள் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் பலருக்கு நார்வேயிலும் ஜெர்மனியிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அதனால் முதலில் அனுப்பியது சொந்தங்களுக்கு என்றே சொல்லலாம். இப்போது ஜோர்டானுக்குப் போகிறது, உக்ரைனுக்குப் போகிறது. கூடவே பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணிப்பை: 4 நோட்டு, 5 பென்சில், 5 பேனா, கிரேயான், அடிக்கோல். பென்சிலைச் சீவாமல் வைக்க வேண்டும் என்பது வரைக்கும் விதி இருக்கிறது.

ஒரு சிலுவை வைத்துத் தைக்கலாமே என்று கேட்டேன். கூடாதாம். சிலுவை கூடாது, கொடி கூடாது, ராணுவ உடுப்புத் துணியும் கூடாது. "யார் போர்த்திக்கொள்வார்களோ, அவர்களுக்கு நம்மால் சங்கடம் வரக் கூடாதில்லையா" என்றார் ஊசி கொடுத்த அந்தப் பாட்டி. எனக்கு அது எதிர்பாராத பதில்.

இன்னொன்றும் கேட்டுவிட்டேன், கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே. இதைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிற செலவுக்கு அங்கேயே போர்வை வாங்கிக் கொடுத்துவிடலாமே? கத்தரிக்கோல் சத்தம் ஒரு நொடி நின்றது. "பணமும் அனுப்புகிறோம். ஆனால் எங்களிடம் பணத்தைவிடப் பழைய துணியும் செவ்வாய்க்கிழமையும் அதிகம்" என்றார் எதிரில் இருந்தவர். கணக்குப் போட்டால் என் பக்கம்தான் நியாயம் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினொரு பேரில் நான்கைந்து பேர் வீட்டில் தனியாக இருப்பவர்கள். அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை எவ்வளவு முக்கியம் என்பது என் கணக்கில் வரவில்லை.

பணம் எப்படி அனுப்புகிறார்கள் என்பதை வியாழக்கிழமை பார்த்தேன். ஊர் எல்லையில் ஒரு துண்டு நிலம் இதற்கென்றே இருக்கிறது. ஒருவர் விதை கொடுப்பார், ஒருவர் டீசல், ஒருவர் இயந்திரம். விளைந்த மக்காச்சோளத்தைக் கிடங்கில் விற்று, அந்தத் தொகை வெளிநாட்டுச் சிறு விவசாயிகளுக்கான வேலைகளுக்குப் போகும். 1999-ல் தொடங்கிய ஏற்பாடு, இப்போது குரோயிங் ஹோப் குளோபலி என்று பெயர். அறுவடை இயந்திரத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார் அந்த விவசாயி. அன்றைக்கு விலை புஷல் 4 டாலருக்குச் சற்றுக் கீழே. ஒரு புஷல் என்றால் ஏறக்குறைய 25 கிலோ. நான் கேள்வி கேட்டுக்கொண்டே வர, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஊரில் நெல் ஏக்கருக்கு எவ்வளவு காணும்?" டெல்டாக்காரன் நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைத் தட்டு வந்து போனபின், பிள்ளைகள் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சில்லறை மட்டும்தான் போட வேண்டும், எவ்வளவு சத்தம் வருகிறதோ அவ்வளவு சந்தோஷம். அந்தக் காசு உள்ளூர் உணவு மையத்துக்கு. இவ்வளவு விளைகிற பூமியில் மாவும் டின் பட்டாணியும் வாங்க வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் எங்கள் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். வாளிச் சத்தத்தில் அந்தப் பானைதான் ஞாபகம் வந்தது.

(அறிவிப்புப் பலகையில் லூட்டஃபிஸ்க் விருந்துக்கும் அழைப்பு இருந்தது. காய்ந்த காட் மீனைக் காஸ்டிக் சோடா மாதிரியான காரம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவனுக்கு என்ன பயம் என்று இருந்தேன். போன வருடப் படத்தைக் காட்டினார்கள். மீன் கொழகொழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நல்லவேளை, விருந்துக்கு முன்பே எனக்கு விமானம்.)

அதே பலகையில் தான்சானியாவிலிருந்து ஒரு கடிதம். இவர்களோடு தொடர்பில் இருக்கும் லுத்தரன் சபை எழுதியது. இந்த ஊருக்கு முழுநேர ஐயர் கிடைக்க வேண்டும் என்று அங்கே ஜெபிக்கிறார்களாம். இவர்கள் சார்ந்த அமெரிக்கத் திருச்சபையில் இப்போது 30 லட்சம் பேர்கூட இல்லை. தான்சானிய லுத்தரன்கள் 60 லட்சத்துக்கும் மேல். யார் யாருக்கு ஊழியம் செய்கிறார்கள் என்று கேட்டால் இங்கே சட்டென்று பதில் சொல்ல முடியாது.

கடிதத்துக்குப் பக்கத்தில் உலக வரைபடம். போர்வை போன இடமெல்லாம் சிவப்புக் குண்டூசி. கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போனபோது, அந்த 82 வயதுப் பாட்டி உங்கள் ஊரைக் காட்டுங்கள் என்றார். சிவப்பு ஊசியை எடுத்தவர், இல்லை, இது நாங்கள் அனுப்பின இடத்துக்கு என்று திரும்ப டப்பாவில் போட்டார். தையல் மேசைக்குப் போய் வெள்ளைத் தலை ஊசி ஒன்றைத் தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். தரங்கம்பாடி என்று நினைத்துத்தான் குத்தினேன். அந்த வரைபடத்தின் அளவுக்கு, ஊசி பாதி கடலில் நின்றது.